கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த டேப்

கரண்ட் போனால் அந்த வீட்டில் முதலில் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். யார் எங்கே இருந்தாலும் போட்டதைப் போட்டபடி ஓடி, அப்பாவின் அறையில் சுவரோரம் இருக்கும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். டார்ச் தேடுவது, ஜன்னலைத் திறப்பது எல்லாம் அப்புறம். கரண்ட் திரும்பி வரும்போது சும்மா வராது, ஓர் உதை உதைத்துக்கொண்டுதான் வரும், அந்த உதையில் அவருடைய கிடார் ஆம்ப்ளிஃபையரில் எரியும் பழைய கண்ணாடி வால்வுகள் உயிரை விட்டுவிடும் என்பது அப்பாவின் பயம். மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே பிளக் பிடுங்கக் கற்றுக்கொண்டாள் என்று வீட்டில் கேலி உண்டு.

அப்பா இறந்த அன்றும் அம்மா அதைத்தான் முதலில் செய்தாள்.

காலை நேரம். அப்பா தன் அறையில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. பழைய மெஷின், பிழியும்போது தரையே அதிரும். அம்மா அதன் அருகில் நின்று காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. மெஷின் முனகிக்கொண்டே நின்றது. அம்மா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியில், கிடாரை மடியில் வைத்து, சுருதி சேர்க்கும்போது குனிவதுபோல் குனிந்திருந்தார். அம்மா அவரைத் தாண்டிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைச் சுற்றி ஆணியில் மாட்டினாள். கரண்டைத் திட்டினாள். எழுந்து வந்தால் ஒரு டீயாவது குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

மாரடைப்பு, ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். கூப்பிட்டிருப்பாரா என்று அம்மா கேட்டாள். அதை எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கேள்வி அம்மாவிடமே தங்கிவிட்டது.

மகள் வேறு ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவிகளையும் இதயத்துடிப்பு மானிட்டர்களையும் பழுது பார்க்கிற இன்ஜினியர். செய்தி கேட்டு வந்தவள் லீவை நீட்டித்து வீட்டிலேயே இருந்தாள். அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வாஷிங் மெஷினைத் தொடவில்லை. வாளியில் துணியை ஊறவைத்துக் கையால் கும்மினாள். பாதி வேலையில் குழாயை மூடிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டபடி நிற்பாள்.

"மெஷின் நின்னப்புறம் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றாள் ஒருநாள். "அதுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா? அந்தக் கடகடா சத்தத்துல? நான் பக்கத்து ரூம்லதான்டி நின்னேன். துண்டு மடிச்சுட்டு நின்னேன்."

"டாக்டர்தான் சொன்னாரேம்மா."

"டாக்டர் அங்கயா இருந்தார்?"

மகள் வாளியை வாங்கிக்கொண்டுபோய்த் துணியைக் காயப்போட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸ் கையோடு வாழ்ந்தவர். எங்கேயோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். இவர் போய் இறக்கிவிடுவார். இறங்கினவர்கள் நன்றி சொல்லாமல் ஓடுவார்கள். அது அவருக்குப் பிடிக்கும். செத்துப் பிழைத்தவனுக்கு மரியாதை எங்கிருந்து வரும் என்பார்.

வார இறுதியில் அவர் ஒரு ராக் பாண்டின் கிடார்காரர். ஹோட்டல் ஹால், கல்லூரி விழா, கம்பெனி ஆண்டுவிழா, யார் கூப்பிட்டாலும் போவார்கள். டிரம்ஸ் அடிப்பவர் பேக்கரி வைத்திருந்தார். அவர் ஏறி உட்கார்ந்தால் சட்டையிலிருந்து மாவு பறக்கும். பாடுபவர் பல் டாக்டர். பேஸ் கிடார் வாசிப்பவர் ஒரு கார் ஒர்க்ஷாப்காரர். வாயைத் திறந்து பேசவே மாட்டார் என்பதால் அவருக்குப் பெயர் சைலன்சர். மகளுக்கு அவர் சித்தப்பா. ரத்த சொந்தம் இல்லை, அதைவிட ஒரு படி மேல்.

அப்பாவுக்கு அவர்கள் வைத்த பெயர் வால்வு. அவரிடம் இருந்ததெல்லாம் வால்வில் ஓடும் பழைய சாமான்கள். ஆம்ப்ளிஃபையரை மூடப்பட்ட ஒரு தியேட்டரின் ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்தார். கிடாரை ஹோட்டல் பாண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினார். அதன் உடம்பில் வயலட் பெயின்ட் அடித்திருந்தது, சுரண்டினால் அடியில் பச்சை, அதற்கும் அடியில் மரத்தின் நிறம். மாற்று வால்வுகள் முட்டை அட்டைகளில் அலமாரி உச்சியில் இருக்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் மெல்லத் தட்டி, ஸ்பீக்கரில் அது எப்படி முனகுகிறது என்று கேட்டு, நல்லது கெட்டது பிரிப்பார். வால்வு பெருகியதே தவிர வீட்டில் முட்டை அட்டை பெருகவில்லை. கடையில் போய் முட்டை வேண்டாம், அட்டை மட்டும் போதும் என்று கேட்கிற வேலை அம்மா தலையில் விழுந்தது. உங்க வீட்ல முட்டை எங்கேயிருந்து வருதுன்னு கடைக்காரன் கேக்கறான், உங்க அப்பாதான் அடைகாக்கிறார்னு சொல்லிட்டு வந்தேன் என்று மகளிடம் முறையிடுவாள்.

எல்லாவற்றிலும் அவர் உயிராக வைத்திருந்தது எக்கோ மெஷினை. இழுத்து மூடிய ரெகார்டிங் ஸ்டூடியோ ஒன்றின் குப்பையிலிருந்து வந்தது அது. ரொட்டிப் பெட்டி அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே நீளமான ஒரு டேப், முனையும் முனையும் ஒட்டி வளையமாக்கப்பட்டு, பாம்புபோல் மடிந்து கிடக்கும். கிடாரின் ஒயரை அதில்தான் செருகுவார். ஓடவிட்டால் அந்த வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் அழிக்கும் ஹெட், டேப்பை உரசி நிற்கும் ஒரு சின்னக் காந்தக் கட்டை, பழையதைத் துடைக்கும். அடுத்துப் பதியும் ஹெட், வாசிப்பதைப் பதியும். அதற்கடுத்த ஹெட்டுகள் அதைக் கொஞ்சம் தாமதமாக ஒலிக்கும். வாசித்தது திரும்பத் திரும்பக் கேட்டு, தேய்ந்து மறையும். டேப் ஒரு சுற்று சுற்றி வர ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த மெஷினில் ஒரு கோளாறு, கிடாரில் ஒரு கோளாறு. கிடாரில் கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப், கம்பியின் அதிர்வை மட்டும்தான் ஒலியாக எடுக்க வேண்டும். ஆனால் இதன் உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் பிடித்திருந்த மெழுகு எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது. அதனால் கிடாருக்கு அருகில் வாயை வைத்துப் பேசினால் குரலும் ஸ்பீக்கரில் வரும். எக்கோ மெஷினில் அழிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது. துடைக்கும், ஆனால் சுத்தமாகத் துடைக்காது. முந்தைய நாள் வாசித்தது அடியில் எங்கோ கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஒரு கிளப்பில் அடுத்தடுத்த நாட்களில் வாசிக்கப் போனார்கள். இரண்டாம் நாள், மெதுவான பாட்டு ஒன்றில் நான்கு பேரும் நிறுத்தி மூச்சு விடும் இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிவதற்குள் மறுபடியும் அதே சிரிப்பு, இன்னும் மெதுவாக. முன் வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. மானேஜர் மேடைக்குப் பின்னால் வந்து திரையைத் தூக்கிப் பார்த்தார். முந்தைய நாள் இடைவேளையில் கிடாருக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவள் அவள், அன்று வரவில்லை, இதெல்லாம் ஹெட் தேய்ந்த கோளாறு என்று அப்பா விளக்கினார். மானேஜர் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த கிளப் அவர்களைக் கூப்பிடவில்லை.

அப்போது மகள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். தேடி அலைந்து அதே அளவில் ஒரு புது ஹெட் வாங்கி வந்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, அருமை என்று சொல்லி, மேஜை டிராயரில் வைத்தார். மாட்டவே இல்லை. எப்போ மாட்டப்போறீங்க என்று கேட்டால், "தொடச்சுப் போட்டா வெறும் டேப்புதான் மிச்சம் இருக்கும்" என்பார்.

லிஃப்ட் வேலை இழுத்துக்கொள்வதால் எந்த நிகழ்ச்சிக்கும் அவர் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் வால்வு சூடேறாமல் வாசிக்கக்கூடாது. அதனால் பாண்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அப்பாவின் பெட்டிகளைத் திறந்து, ஒயர் மாட்டி, ஆன் பண்ணி, சூடாக்கி வைப்பது சைலன்சரின் வேலை. அப்பா வந்து சேர்ந்து, மேடைக்குப் பின்னால் கை கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். சைலன்சர் ஸ்டாண்டில் நிற்கும் கிடாரிடம் குனிந்து, பிக்கப்பின் அருகில் வாயை வைத்து, வால்வு, சூடாயிடுச்சு, வா என்பார். ஊருக்கே ஸ்பீக்கரில் கேட்கும். உள்ளேயிருந்து அப்பா கத்துவார், இருடா, வரேன், இதை முடிச்சுக்கறேன். கூட்டம் சிரிக்கும். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்ளும். சைலன்சர் மேடையில் பேசிய பேச்சு எல்லாம் சேர்த்தால் அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்கப் பாண்ட்காரர்கள் ஒரு பிற்பகலில் சேர்ந்து வந்தார்கள். பேக்கரிக்காரர் ரொட்டி கொண்டுவந்தார், கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பல் டாக்டர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசினார். மகள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரே கனத்தில் ம்ம்ம் என்று. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அப்பாவின் ஆம்ப் சூடாகும்போது வருவது.

அடுப்பை அணைத்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. அறைக்கு ஓடினாள். சைலன்சர் ஸ்டாண்டில் இருந்த கிடாரின் முன் குனிந்து நின்றிருந்தார். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. எக்கோ மெஷினின் மூடிக்குக் கீழே டேப் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் பிளக்கைப் பிடுங்கினாள்.

கிடாரை அப்பாவின் மடியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்தவர்கள் ஒயரைக் கழற்றவில்லை. அன்று அம்மா பிளக்கைப் பிடுங்கிய பிறகு எக்கோ மெஷின் ஓடவே இல்லை. கரண்ட் போகும் வரைக்குமான கடைசி நிமிடம் அந்த டேப்பில் அப்படியே இருந்திருக்க வேண்டும். அந்தக் கணம்வரை இது அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது, மெஷின் ஓடி நின்ற பிறகு.

"என்ன சித்தப்பா பண்ணீங்க?"

சைலன்சர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "சூடு பண்ணி வெச்சேம்மா" என்றார். "அவன் வரலைன்னா நான்தானே பண்ணுவேன்."

கூடத்திலிருந்து அம்மா யாருடா வாசிக்கறது என்று கேட்டாள். யாரும் வாசிக்கவில்லை.

அடுத்த நாள் முழுவதும் மகள் மெஷினின் மூடியைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. டேப்பின் ஒட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அப்பா அந்த ஒட்டைச் சிவப்பு மையால் குறிப்பார். சத்தம் கேட்டது முதல் பிளக்கைப் பிடுங்கியது வரையான நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில், சைலன்சர் ஓடவிட்டது ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. வால்வு சூடேறும் வரைக்கும் மெஷின் அழிப்பதும் இல்லை, பதிவதும் இல்லை; டேப் சும்மா ஓடும். எனவே முதல் பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நடுப் பகுதியை அழித்து அதன்மேல் சைலன்சர் பதிந்திருப்பார். கடைசிப் பகுதி, கரண்ட் போவதற்குச் சற்று முன்னால் வாசித்தது, தப்பியிருக்கும். அழிந்த நடுப் பகுதியும் முழுக்க அழிந்திருக்காது. ஏனென்றால் புது ஹெட் இன்னும் டிராயரில்தான் இருந்தது.

அம்மாவிடம் சொல்லாமல் கேட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தாள். கேட்ட பிறகு எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டாள். அந்த டேப்பில் கடைசி நிமிஷம் இருக்கலாம், கூப்பிட்டிருந்தால் கேட்கும்.

அம்மா ஊறவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"கூப்பிட்டிருந்தா?"

"கூப்பிட்டிருந்தா கூப்பிட்டதுதான். மறைக்க மாட்டேன்."

"நீ கேட்டுட்டு வா" என்றாள் அம்மா. "உன் மூஞ்சிய பார்த்தே தெரிஞ்சுக்கறேன்."

மகள் அழிக்கும் ஹெட்டுக்கும் பதியும் ஹெட்டுக்கும் போகும் ஒயர்களைச் சால்டரிங் அயர்னால் விடுவித்தாள். இனி மெஷின் எதையும் அழிக்கவும் முடியாது, பதியவும் முடியாது. டேப்பைக் கையால் நகர்த்தி, முதல் பகுதியின் தொடக்கத்தை ஒலிக்கும் ஹெட்டுக்கு நேராக வைத்தாள். அந்த ஹெட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். ஹெட்போன். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிளக்கைச் சொருகினாள்.

முதலில் வந்தது வாஷிங் மெஷின். தரை வழியாக, நாற்காலி வழியாக, கிடாரின் மரம் வழியாக ஏறி வந்த கடகடப்பு. அதன்மேல் அப்பா வாசித்தார். அவளுக்குத் தெரியாத மெட்டு. ஏதோ புதிதாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் தப்புப் போட்டார், மூக்கால் ஒரு சிரிப்பு, மறுபடி அதே இடம், இந்தத் தடவை சரி. அந்தச் சிரிப்புக்கு அவள் தயாராக இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டக் என்று அழிந்த பகுதி தொடங்கியது. அப்பாவும் வாஷிங் மெஷினும் ஒரு கிணற்றுக்குள் போனார்கள். மேலே கூடத்துப் பேச்சின் இரைச்சல், பல் டாக்டரின் குரல், ஒரு நாற்காலி. அப்புறம் மிக அருகில் சைலன்சர்.

"வால்வு. சூடாயிடுச்சு. வா."

அதற்குக் கீழே, கிணற்றுக்குள் இருந்து, கிடாரை நிறுத்தாமல், அப்பா சொன்னார்:

"இருடா, வரேன்."

கொஞ்சம் இடைவெளி. சைலன்சர் மூக்கை உறிஞ்சினார். "எல்லாரும் வந்தாச்சுடா" என்றார்.

"இதை முடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

"சரி" என்றார் சைலன்சர்.

டேப் மிச்சச் சுற்றையும் ஓடி முடித்த பிறகு மகள் மெஷினை நிறுத்தினாள். எல்லாம் லேப்டாப்பில் பதிவாகிவிட்டது. இன்னொரு தடவை டேப்பை ஓட்டத் தேவையில்லை. வாசலில் பைக் கிளம்பிப் போய்விட்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்பாவுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவள் வேலையில் ஒரு விதி வைத்திருந்தாள். மானிட்டர் எதையாவது விசித்திரமாகக் காட்டினால் முதலில் ஒயரைச் சந்தேகி, அப்புறம் மெஷினை, கடைசியில்தான் நோயாளியை. அப்படியே செய்தாள். அப்பாவின் குரல் எப்போதோ பதிந்த பழைய மிச்சமாக இருக்கலாமே? லேப்டாப்பில் சைலன்சரின் குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைத்து, அடியில் இருப்பதை ஏற்றிக் கேட்டாள். அப்பா பேசும்போது பின்னால் அதே வாஷிங் மெஷின் ஓடியது. மெட்டு அறுபடாமல் தொடர்ந்தது. பேசுகிற இடத்தில் மட்டும் விரல் லேசாகத் தயங்கியது, வாசித்துக்கொண்டே பேசுகிறவனின் விரல் தயங்குவது போல. சந்தேகமே இல்லை. அது அந்தக் காலைதான். அந்தக் காலையில் வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அம்மாவை அவர் டா போட்டதில்லை.

இரண்டு குரல்களும் வேறு வேறு நாளில் பதிந்தவை. முதலில் பேசியவர், பதில் சொன்னவர். பின்னால் பேசியவர், கூப்பிட்டவர். ஒன்றின்மேல் ஒன்று தற்செயலாக விழுந்திருக்கலாம். மகள் அந்த இடைவெளிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் ஓரிடத்தில்கூட மோதவில்லை.

ஒர்க்ஷாப்புக்குப் போனாள். சைலன்சர் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அன்று கிடாரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். ஸ்பானர் சத்தம் நின்றது.

"எப்பவும் சொல்றதுதாம்மா" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

"கடைசியில சரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"முடிச்சுட்டு வரேன்னு சொல்வானே. அதுக்கு நான் சரிம்பேன்." கொஞ்சம் பொறுத்து, "அவன் சொல்றது எனக்குள்ளயே ஓடும்மா. இத்தனை வருஷமா அதே பதில்தானே. ஆள் இல்லைன்னா மட்டும் ஓடாமலா இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை.

எனவே அவருடைய பாதிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. பழக்கம். அப்பாவின் பாதி அப்படியே நின்றது. அந்தக் காலையில், வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த அறையில் அவரை யார் கூப்பிட்டார்கள்? அவள் கேட்டதைச் சைலன்சரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போயிருந்தாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

வீட்டில் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்றாள்.

"கூப்பிடலம்மா" என்றாள் மகள்.

"சத்தியமா?"

"நீயே கேளு."

அம்மா சேலை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மாட்டத் தெரியாமல் காதுக்கு மேலே வைத்துக்கொண்டதை மகள் சரிசெய்தாள். வாஷிங் மெஷின் வந்தபோது அம்மாவின் தோள் இறுகியது. சிரிப்பு வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். நடுப் பகுதி வந்தது. மகள் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் அகலவும் இல்லை, பயப்படவும் இல்லை. பரபரப்பான தெருவில் தெரிந்த குரலைப் பிரித்துக் கேட்பது போலக் கேட்டாள்.

"அவன்கிட்டதான் பேசிட்டிருந்திருக்கார்" என்றாள்.

"அம்மா, சித்தப்பா அன்னிக்கு வீட்லயே இல்ல. அவர் பேசினது அதுக்கப்புறம், துக்கத்துக்கு வந்த அன்னிக்கு."

"தெரியுது."

"பின்ன?"

"அவங்க ரெண்டு பேரும் நேரத்துக்கு எதைச் செஞ்சிருக்காங்க?" என்றாள் அம்மா. "பேசாம இரு. முடிக்கிறாரான்னு பார்க்கறேன்."

கடைசிப் பகுதி தெளிவாக இருந்தது. மகள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அப்பா அந்த மெட்டை முதலிலிருந்து, தப்பில்லாமல், நிதானமாக வாசித்தார். திருப்பத்தைத் தாண்டினார். கடைசி சுரத்தை இழுத்து நிறுத்தினார். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்க வேண்டும். அந்தச் சுரம் மெலிந்துகொண்டே, மேலே, இன்னும் மேலே ஏறிப்போய், காதுக்கு எட்டாத உயரத்தில் மறைந்தது.

"மேல போகுதே" என்றாள் அம்மா.

பதியும்போது மோட்டாரின் வேகம் குறைந்தது, இப்போது முழு வேகத்தில் கேட்பதால் ஏறுவதுபோல் கேட்கிறது, அவ்வளவுதான் என்று மகள் விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள். குழந்தை தான் வரைந்த படத்தை விளக்கும்போது தலையாட்டுவது போலத் தலையாட்டினாள்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். இறந்த நாளிலிருந்து அவள் இப்படி அழவில்லை. மகள் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்து, மூக்கைத் துடைத்து, எழப்போனவள் பாதியில் நின்றாள். முகம் மாறியிருந்தது.

"ஆமா, கூப்பிடல" என்றாள்.

"ஆமாம்மா. அதைத்தான் சொல்றேன். நீ இனிமே..."

"கூப்பிடவே இல்லையே." அம்மா மகளிடம் பேசவில்லை. நாற்காலியைப் பார்த்துப் பேசினாள், ஸ்டாண்டில் நின்ற கிடாரைப் பார்த்துப் பேசினாள். "அவனுக்கு வரேன்னு சொல்லத் தெரியுது. முடிச்சுட்டு வரேன்னு சொல்லத் தெரியுது. பக்கத்து ரூம்ல ஒருத்தி நிக்கறா. போறேன்டின்னு ஒரு வார்த்தை? எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை?"

மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா திட்டினாள். முட்டை அட்டையில் தொடங்கி, நேரத்துக்கு வராத விசேஷங்கள், கிரீஸ் படிந்த துண்டுகள், எந்த ஊருக்குப் போனாலும் பையில் துணிக்குப் பதில் ஏறிக்கொண்ட வால்வுகள் என்று ஒவ்வொன்றாக, அவர் உயிரோடு இருந்தபோது திட்டிய அதே குரலில் திட்டினாள்.

நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். அறை அமைதியாக இருந்தது. பிளக் ஆணியில் தொங்கியது, மெஷின் திறந்து கிடந்தது, எதிலும் கரண்ட் இல்லை. அந்த அமைதியில் ஸ்டாண்டில் இருந்த கிடாரின் கம்பிகள் மிக மெல்லியதாக முனகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் யாராவது உரக்கப் பேசினால் கம்பிகள் அதிரும், பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதிரும். மகளுக்கு அது தெரியும்.

அம்மா தலையைச் சாய்த்து, அது அடங்கும் வரை கேட்டாள். பிறகு ஸ்டாண்டுக்கு இன்னும் கிட்டே போய் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.